ஆறு தடவை நூற்றெண்பது

கரமனை, திருவனந்தபுரம்
12.4.2024

சௌபாக்கியவதி கௌசல்யாவுக்கு,

கரமனை ஆற்றின் வடகரை முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பரிபாலனம் செய்துவரும் உன் தாய்மாமன் பூதலிங்கம் எழுதுவது. நானும் உன் அத்தை சரஸ்வதியும் இந்த நிமிஷம் வரை உயிரோடு இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை தங்கபாண்டி, குழந்தை, அம்பாசமுத்திரத்து வெயில் எல்லோரும் சுகம்தானே?

போனில் சொல்லியிருக்கலாம். என் காதின் லட்சணம் உனக்குத் தெரியும். நான் கத்துவது பாளையம் வரை கேட்கும். நீ சொல்வது எனக்குக் கேட்காது. ஆகவே கடிதம்.

மக்களே, கரண்ட் பில் வந்திருக்கிறது. எண்ணூறோ தொள்ளாயிரமோ கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்! எண்ணூற்றெண்பது யூனிட்டாம். கோயிலில் லட்சதீபம் ஏற்றும் நாளில்கூட இவ்வளவு வெளிச்சம் இருந்திருக்காது. நம் வீட்டில் இருப்பது மூன்று ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார், உன் அத்தை அழுவதற்கென்று ஒரு டிவி. இதை வைத்துக்கொண்டு எண்ணூற்றெண்பது ஓட்ட வேண்டுமானால் நான் ராத்திரியில் ரகசியமாக ரயில் விட்டிருக்க வேண்டும்.

ரீடிங் எடுக்கப் புதிதாக ஷாஜி என்று ஒருவன் வருகிறான். இடுப்பில் மிஷின், வாயில் சூயிங்கம். பில்லைக் கிழித்து என் கையில் வைத்தான்.

"எடேய், இது யாருடைய பில்?"

"அம்மாவன்றெ தன்னே." மாமாவுடையதுதானாம்.

"எண்ணூற்றெண்பதா? உன் மிஷினுக்குப் பைத்தியமா?"

"ஞான் எந்து செய்யான் அம்மாவா? மீட்டர்ல உள்ளதை எழுதி."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். என்னோடு இரண்டு நிமிஷம் நின்று பேசக்கூட அவனுக்கு மரியாதை இல்லை.

நீ அந்த ஊர் மின்சார ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கிறவள். இந்தப் பிசாசின் உள்விவரம் நம் குடும்பத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். உடனே பதில் போடு.

கோபம் ஒரு பக்கம், ஆசீர்வாதம் ஒரு பக்கமாக,
மாமா

*

அம்பாசமுத்திரம்
20.4.2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கௌசல்யாவின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குச் சளி, அவ்வளவுதான். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பில்லைப் பார்த்துப் பதற வேண்டாம் மாமா. வயரிங்கில் கசிவு இருந்தாலும் இப்படி வரும், மீட்டர் கோளாறானாலும் வரும். எனக்கு இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள். போன ஒரு வருஷத்துப் பில்களில் யூனிட் எவ்வளவு என்று வரிசையாக வேண்டும். மீட்டர் வீட்டுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா என்றும் சொல்லுங்கள். பார்த்துவிட்டு என்னவென்று சொல்கிறேன்.

அத்தைக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மருமகள்,
கௌசல்யா

*

கரமனை
27.4.2024

நம் குலத்தின் மின்சார மந்திரி கௌசல்யாவுக்கு,

மாமனின் ஆசிகள். தைலம் வந்தது. அத்தை முழங்காலுக்குப் போட்டது போக மிச்சத்தை என் வாய்க்குப் போடலாமா என்று பார்க்கிறாள்.

நீ கேட்ட கணக்கு இதோ. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டிக்கு முப்பத்தெட்டு வருஷம் கணக்கு எழுதியவனிடம் பில் கேட்டிருக்கிறாய். பிறந்ததிலிருந்து வந்த பில் எல்லாம் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். போன வருஷம் முழுக்க: 180, 178, 182, 179, 181, 180. அதன் பிறகு இந்த 880.

அந்த ஆறு எண்களையும் கண்ணில் ஒற்றிக்கொள். அதற்கு முன்னால் இருநூற்றெண்பது வந்துகொண்டிருந்தது. நான் எல்லா பல்பையும் பிடுங்கிவிட்டு எல்.இ.டி. போட்டேன். அடித்தது பார் நூற்றெண்பதுக்கு! மழையிலும் வெயிலிலும் ஒரே கோட்டில் நிற்கும் இப்படியொரு சிக்கனத்தை உலகத்தில் வேறு எந்த வீட்டில் காட்ட முடியும்?

மீட்டர் உள்ளேதான். ஒட்டு ஒட்டாகச் சுவர் சேர்ந்த பழைய தெரு. முன்கட்டைத் தாண்டி, இரண்டாம் கட்டு நிலைக்கு மேலே இருக்கிறது. ஷாஜிக்கு முன்னால் வந்துகொண்டிருந்த சத்தியதாஸ் நம் மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். தங்கம். ஆரம்பத்தில் உள்ளே வந்து உட்கார்ந்து நன்னாரி சர்பத் குடிப்பான்; திருவிதாங்கூருக்கு மின்சாரம் வந்த வரலாறு முழுவதையும் நான் சொல்லக் கேட்பான். கடைசி ஒரு வருஷம் கதவைக்கூடத் தட்டமாட்டான். சத்தமில்லாமல் பில்லைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போவான். பெரியவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை! அவனை மாற்றிவிட்டு இந்தச் சூயிங்கத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது அவசரச் சட்டம் போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜ் அணைப்பு. பகலில் ஃபேன் கிடையாது. அத்தை விசிறியும் கையுமாக என்னை முறைக்கிறாள். மந்திரி சீக்கிரம் தீர்ப்புச் சொல்லவும்.

வியர்வையில் மிதக்கும்
மாமா

*

அம்பாசமுத்திரம்
30.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். இங்கே வேலை ஜாஸ்தி. வெயிலும் கடுமை. நாங்கள் சுகம்.

நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தேன். மீட்டரை டெஸ்ட் பண்ணச் சொல்லி உங்கள் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் இன்னொரு மீட்டர் மாட்டி ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதுதான் முறை.

அத்தையை ஃபேன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் மாமா. ஃபேனால் இவ்வளவு வராது.

கௌசல்யா

*

கரமனை
18.6.2024

கௌசல்யாவுக்கு,

மாமன் ஆசி. உன் கடிதம் தந்தியைவிடச் சின்னதாக இருந்தது. வேலைப்பளு என்கிறாய், சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ சொன்னபடி மனுக் கொடுக்கப் போனேன். பதினொரு பக்கம். தொடக்கத்திலேயே, 'மின்னலையே கைவிலங்கிட்டு மக்களுக்கு ஊழியம் செய்ய வைத்த மாட்சிமை தாங்கிய இலாகாவுக்கு' என்று போட்டிருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள் முதல் பக்கத்தைப் படித்தாள். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். எனக்குக் காது கேட்காவிட்டாலும் சிரிப்பது கண்ணுக்குத் தெரியும் மக்களே.

"அங்கிளே, பராதி ஒரு பேஜில் மதி. மீட்டர் எந்தா செய்தது, அது மாத்திரம் எழுதூ." புகாருக்கு ஒரு பக்கம் போதுமாம்.

"அதைச் சொல்லத்தானே அம்மா பதினொரு பக்கம்?"

"மீட்டர் ராவில் எழுந்நேற்று நடந்நு என்னு எழுதியிருக்கு. இது ஞான் எங்ஙனே மேலே அனுப்பும்?"

கடைசியில் அவளே ஒரு ஃபாரத்தில் இரண்டு வரி எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். டெஸ்டுக்குத் தனிக்கட்டணம். பில்லில் பாதி கட்ட வேண்டும். மீதிக்கு டெஸ்ட் முடியும்வரை ஃபியூஸை உருவமாட்டார்களாம்.

இதற்கிடையில் அடுத்த பில் வந்துவிட்டது. அவ்வளவு சிக்கனத்துக்குப் பிறகும் 231. எண்ணூற்றெண்பதிலிருந்து இருநூற்று முப்பத்தொன்று! மீட்டர் பயந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அதுவும் நம் நூற்றெண்பதைவிட ஐம்பத்தொன்று அதிகம். குடிகாரன் பாதி தெளிந்த மாதிரி.

உன் அத்தை நேற்று ஸ்ரீவராகத்தில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஃபேன் ஓடுகிற வீட்டுலே போய் கிடந்துகிடுதேன். ஒங்க மீட்டரைக் கட்டிக்கிட்டு நீங்க கிடங்கோ" என்றாள். வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் சமையல்கட்டில் சத்தமே இல்லை.

தனிக்காட்டு ராஜா,
மாமா

*

கரமனை
20.7.2024

கௌசல்யாவுக்கு,

சுகமா? நான் எழுதி ஒரு மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குழந்தைக்கு ஏதாவதா என்று உன் அத்தை ஸ்ரீவராகத்திலிருந்து ஆள்விட்டுக் கேட்கிறாள். அவளுக்கு வேர்க்குரு ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை.

டெஸ்ட் முடிவு வந்தது. இரண்டு மீட்டரும் ஒரு வாரம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றன. மீட்டர் சுத்தமாம். மிச்சப் பணத்தை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் ஃபியூஸை உருவிவிடுவார்களாம்.

மீட்டர் பொய் சொல்லவில்லை என்றால் மனிதன் பொய் சொல்லியிருக்கிறான். வேறு வழியில்லை. சத்தியதாஸ் வந்தவரை நூற்றெண்பது. ஷாஜி வந்த அன்றைக்கு எண்ணூற்றெண்பது. சந்தேகமே வேண்டாம். அந்தப் பயல் மிஷினில் எண்ணை மாற்றி அடித்திருக்கிறான். மேலதிகாரிக்குப் புகார் எழுதிவிட்டேன். அலங்காரம் எதுவும் இல்லை, ஒரே பக்கம். ஷாஜி என்கிற இந்த ஆள் பொய் ரீடிங் போட்டவன், இவனை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி, ஏழு பில்களையும் இணைத்திருக்கிறேன். தெருவில் நாலு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை, இருபத்தொன்பதாம் தேதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த முறை எவரும் சிரிக்கமாட்டார்கள்.

பதில் போடுவதானால் போடு.

மாமா

*

அம்பாசமுத்திரம்
24.7.2024
ஸ்பீடு போஸ்ட்

மாமாவுக்கு,

வணக்கம். குழந்தைக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறோம்.

அந்தப் புகாரைக் கொடுக்காதீர்கள். ஷாஜி எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு உங்கள் வீட்டு மீட்டரைச் சரியாகப் பார்த்து எழுதிய முதல் ஆள் அவன்தான்.

நீங்கள் அந்த ஆறு எண்களை எழுதி அனுப்பிய அன்றே எனக்குத் தெரியும் மாமா. மே மாதம் மூன்று ஃபேனும் ஓடும். மழைக்காலத்தில் ஓடாது. எந்த வீடும் வருஷம் முழுக்க நூற்றெண்பதில் நிற்காது. அது மீட்டர் ஓடிய எண் இல்லை, வாசலில் நின்று ஒருத்தர் யோசித்துப் போட்ட எண். அந்த ஒரு வருஷம் சத்தியதாஸ் உள்ளே வரவே இல்லை. நீங்கள் உண்மையில் எப்போதும்போல இருநூற்றெண்பதுதான் செலவழித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் எழுதாமல் விட்ட நூறு நூறு யூனிட் மீட்டரிலேயே சேர்ந்து கிடந்தது. ஷாஜி பார்த்தபோது அந்த அறுநூறும் ஒரே பில்லில் வந்து விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தால் யூனிட் விலை குறைவு. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் உங்கள் ஊரில் முதல் யூனிட்டிலிருந்தே பெரிய விலைதான். அதுதான் எட்டாயிரம்.

இதை ஏப்ரலிலேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே என்று பயந்தேன்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நானும் அப்படிப் போட்டிருக்கிறேன். போன வருஷம் பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்தபோது ஆரம்பித்தது. மேட்டுத்தெருவில் பதினொரு வீடு. ஏறி இறங்கினால் மத்தியானம் ஆகிவிடும். வீட்டிலிருந்தே எண் போட்டேன். ஒரே எண்ணாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று ஒருமுறை இரண்டு கூட்டுவேன், ஒருமுறை இரண்டு குறைப்பேன். உங்கள் 178, 182ஐப் பார்த்ததும் என் கையெழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. பாப்பாவுக்குச் சரியான பிறகும் விடவில்லை. நாலு தடவை.

அந்தத் தெருவில் மாடம்மாள் என்று ஒரு அக்கா. பீடி சுற்றுகிறார்கள், தனி ஆள். மாட்டுக்கொட்டிலுக்குள் மீட்டர். இரண்டு மாதத்துக்கு எழுபது ரூபாய் வருகிற வீடு. நான் அறுபது யூனிட் போட்டதால் இலவச அளவுக்குள் அடங்கி நாலு தடவையும் பில்லே வரவில்லை. ஐந்தாவது தடவை நானே போய்ப் பார்த்துச் சரியான எண்ணைப் போட்டேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது வந்தது. ஆபீஸுக்கு வந்து கேட்டார்கள். நான் அடுத்த மேஜையில் இருந்தேன். "வயரிங்ல கசிவு இருக்கும்க்கா, பாருங்க" என்றேன். கட்ட முடியவில்லை. ஒன்றரை மாதம் லைன் கட் ஆகி, கடன் வாங்கிக் கட்டித்தான் திரும்ப வாங்கினார்கள்.

சத்தியதாஸைப் பற்றிப் புகார் கொடுங்கள் மாமா. அறுநூறு யூனிட்டையும் ஆறு பில்லுக்குப் பிரித்துப் போடுவார்கள், பில்லில் பாதி குறைந்துவிடும். அவருக்கு வேலை போகும். போனால் அது அவர் செய்ததற்கு.

அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

கௌசல்யா

*

கரமனை
9.9.2024

கௌசல்யா,

சுகம் கேட்டு ஆரம்பிக்க வேண்டும் என்பது தெரியும். சுகமாக இரு.

ஆறு வாரம் உனக்கு எழுதக்கூடாது என்றிருந்தேன். மூன்று மாதம் நான் இருட்டில் உட்கார்ந்து உன் பதிலுக்குக் காத்திருந்தேன். உன் அத்தை விசிறியோடு அல்லாடிவிட்டு வீட்டை விட்டுப் போனாள். எல்லாம் தெரிந்துகொண்டு நீ, 'மீட்டரை டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுங்கள்' என்று எழுதினாய். அதை ஸ்ரீவராகத்துக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு என்னோடு திரும்பி வந்துவிட்டாள். 

ஷாஜி மேல் எழுதிய புகாரைக் கொடுக்கவில்லை. தெருவில் அவனைக் கண்டதும் நிறுத்தி, "சாரிடே" என்றேன். "எந்தினா அம்மாவா?" என்றான், எதற்கு என்று. சொல்லவில்லை.

சத்தியதாஸ் இப்போது கல்லாறு பக்கம் ரீடிங் எடுக்கிறான், காண்டிராக்டில். பஸ் பிடித்துப் போனேன். டீக்கடையில் ஆளைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டான்.

"நீ என் வீட்டுக்குள்ளே வராமலே எண் போட்டியாடே?"

மறைக்கவில்லை. "போட்டேன் சார்."

"ஏம்டே? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்? சர்பத் தரலியா?"

"அதுதான் சார் பிரச்சனை. ஒரு நாளைக்கு எம்பது வீடு பாக்கணும். ஒங்க வீட்டுக்குள்ள கேறினா வெளிய வர ஒண்ணேகால் மணிக்கூர். அந்த வரலாறு சார். பள்ளிவாசல்ங்கிற ஊர்ல பவர் ஹவுஸ் நீங்க கட்டி முடிக்கதுக்குள்ள எனக்கு இருவது வீடு போவும். பாதியில எழும்பிப் போனா நீங்க சங்கடப்படுவீங்க. அதான் கேறவே வேண்டாம்னு விட்டுட்டேன்."

டீக்கடைக்காரன் திரும்பிக்கொண்டு சிரித்தான். எழுபத்தொரு வயதில் மலையடிவாரத்தில் நின்று இதைக் கேட்க வேண்டியிருந்தது. கோபத்தோடு போனவன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "கம்ப்ளெயின்ட் குடுங்க சார், நான் இல்லேன்னு சொல்லமாட்டேன்" என்றான். இரண்டு பெண் பிள்ளைகள்.

கொடுக்கவில்லை. எட்டாயிரத்தில் பாதி நான் எப்படியும் கட்டியிருக்க வேண்டியது. மீதியை, அந்தப் பயல் என்னிடம் கேட்ட பேச்சுக்கெல்லாம் கூலி என்று வைத்துக்கொண்டேன். கணக்குப் பார்த்தால் மணிக்கு நல்ல ரேட்தான். மஸ்கட்டிலிருந்து நம் பிள்ளை கிருஷ்ணகுமார் திட்டிக்கொண்டே பணம் அனுப்பினான். கட்டியாயிற்று.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, 'மாமா விட்டுவிட்டார், நாமும் விட்டுவிடலாம்' என்று நினைக்காதே. என்னால் விட முடியும். வாயடித்து ஒரு ஆளை விரட்டினேன், எனக்கு மஸ்கட்டில் ஒரு மகன் இருக்கிறான். அந்த மாடம்மாள் யாரை விரட்டினாள்? அவளுக்கு எந்த ஊரில் மகன் இருக்கிறான்?

அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்லவில்லை. எழுதும்போது பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

மாமா

*

அம்பாசமுத்திரம்
16.11.2024

மாமாவுக்கும் அத்தைக்கும்,

கௌசல்யாவின் நமஸ்காரம். மழைக்காலம், இரண்டு பேரும் வெந்நீர் வைத்துக் குடியுங்கள்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தேன். பிறகு எழுதிக் கொடுத்தேன். நான்தான் நாலு தடவை பார்க்காமல் எண் போட்டேன் என்று என் கையால், பதினொரு வீட்டு நம்பரோடும். "ஏம்மா, யாரும் கேக்கலியே, எதுக்கும்மா?" என்று எங்கள் அதிகாரி, ஏ.இ., இரண்டு முறை கேட்டார். மெமோ வந்தது. ஒரு வருஷம் இன்கிரிமென்ட் இல்லை. வீட்டில் பாப்பாவின் அப்பாவுக்குக் கோபம். மூன்று நாள் பேசவில்லை, இப்போது பேசுகிறார். எல்லா வீட்டுக்கும் திரும்பக் கணக்குப் போட்டார்கள். மாடம்மாள் அக்காவுக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு ரூபாய். கையில் தரமாட்டார்கள், இனி வரும் பில்களில் கழித்துக்கொள்வார்கள்.

அதை நானே போய்ச் சொன்னேன். முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்கள். கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அப்பம் வயரிங் கோளாறு இல்ல?"

"இல்லக்கா."

"ஆளைக் கூட்டியாந்து செவுத்தெல்லாம் இடிச்சுப் பாத்தேன். அவனுக்கு நானூறு குடுத்தேன்."

சுவரில் புதுப் பூச்சு பட்டை பட்டையாகத் தெரிந்தது.

"எண்ணூத்தித் தொண்ணூறைக் கழிச்சிருவிய, சரி. அந்த ஒண்ணரை மாசம் பொழுது அடைஞ்ச பொறவு நான் சுத்தாமப் போன பீடிக்கு யாரு தாயி கழிப்பா?"

  அந்தப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். "உன் பணம் எனக்கு எதுக்கு?" என்று இலையை நறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உட்காரச் சொல்லவில்லை.

நேற்று மேட்டுத்தெருவில் ரீடிங். வேறு தெருவுக்கு மாற்றித் தருகிறேன் என்று ஏ.இ. சொன்னார். வேண்டாமென்று நானே போனேன். பகலிலும் அந்தக் கொட்டிலில் எண் தெரியாது, யாராவது டார்ச் பிடிக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று வாசலில் நின்றேன். அவர்களே டார்ச்சோடு வந்தார்கள்.  மாட்டை ஒதுக்கிவிட்டு மீட்டருக்கு நேரே பிடித்தார்கள். நான் பார்த்து எண்ணை அழுத்தப் போனேன்.

"வாய்விட்டு வாசி" என்றார்கள்.

வாசித்தேன்.

"இன்னொருக்கா."

திரும்ப வாசித்தேன். அடுப்புக்கரித் துண்டு ஒன்றைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். நான் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல, மீட்டருக்குக் கீழே சுவரில் பெரிது பெரிதாக எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து, டார்ச்சை அதன்மேல் அடித்து, என் மிஷினில் இருப்பதும் அதுதானா என்று ஒருமுறை பார்த்தார்கள்.

பிறகு தேதியையும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

கௌசல்யா